குறியீடும் எண்ணும்: ஜப்பானிய அரசு ரயில்வேயின் நீராவி எஞ்சின்கள்

ஜப்பானிய அரசு ரயில்வே தன் நீராவி எஞ்சின்களை இரண்டு முறை வகைப்படுத்தியது. முதலில் 1909-ல், பிறகு 1928-ல். இரண்டும் ஆபீஸ் காரியங்கள். ஒரு சிறுபத்திரிகையில் இவற்றுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். வகைப்படுத்துவது பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் இலக்கியத்தை வைத்தே நடக்கிறது. எந்தப் படைப்பை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பதில் நமக்குள்ள உற்சாகம், பெட்டி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று பார்ப்பதில் இல்லை. இரும்பில் செய்த வகைப்பாட்டில் இது பளிச்சென்று தெரிகிறது. தவிர, இந்த எஞ்சின்களில் ஒரு வகை தமிழர்களின் எலும்புகள் மீது ஓடியது. எனவே விஷயம் நமக்கு அந்நியமானதும் அல்ல.

1872 அக்டோபர் 14-ந் தேதி டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் ரயில்பாதை முறையாகத் திறக்கப்பட்டது. தண்டவாள இடைவெளி மூன்றடி ஆறங்குலம், அதாவது 1,067 மில்லிமீட்டர். எஞ்சின்கள் பத்து. ஐந்து பிரிட்டிஷ் கம்பெனிகளில் செய்து கப்பலில் வந்தவை. எட்டாண்டுகள் கழித்து, வடக்கே ஹொக்கைடோத் தீவின் நிலக்கரிப் பாதைக்கு அமெரிக்காவிலிருந்து எஞ்சின்கள் வந்தன. இவற்றுக்கு எண்ணோடு பெயரும் வைத்தார்கள்: யோஷித்சுனே, பென்கெய், ஷிசுகா. முதல் பெயர் பழைய போர்க்கதைகளின் நாயகனுடையது, இரண்டாவது அவனுடைய பணியாளனுடையது, மூன்றாவது அவன் காதலியுடையது. தெற்கே க்யூஷூவுக்கு ஜெர்மன் எஞ்சின்கள். 1893-ல் கோபே பட்டறையில் உள்நாட்டின் முதல் எஞ்சின் உருவாயிற்று. அதற்கு வழிகாட்டிய ஆங்கிலேயர், 1804-ல் தண்டவாளத்தின் மீது முதன்முதலாக நீராவி எஞ்சினை ஓட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் பேரன்.

1906-ல் ரயில்வே தேசியமயச் சட்டம் வந்தது. பதினேழு தனியார் கம்பெனிகளின் பாதைகள் அரசின் கைக்கு வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு எண்வரிசை வைத்திருந்ததால், ஒரே நாட்டில் ஒரே அரசின் கீழ் பல முதலாம் நம்பர் எஞ்சின்கள். 1909-ன் ஒழுங்கு இந்தக் குழப்பத்துக்குப் பதில். தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும் டாங்க் எஞ்சின்களுக்கு 1 முதல் 4999 வரை. அவற்றைப் பின்னால் ஒரு தனி வண்டியில், டெண்டரில், இழுத்துச் செல்பவற்றுக்கு 5000 முதல் 9999 வரை. இந்த இரண்டு பகுதிகளுக்குள்ளும், விசை சேரும் சக்கர அச்சுகள் இரண்டா, மூன்றா, நான்கா என்று பார்த்து உட்பிரிவுகள். 1872-ன் முதலாம் நம்பர் எஞ்சின் 150 என்ற வகையாயிற்று. யோஷித்சுனேயும் பென்கெயும் ஷிசுகாவும் 7100 என்ற வகைக்குள் போனார்கள்.

இந்த ஒழுங்கில் ஒரு மூடநம்பிக்கை ஒளிந்திருந்தது. எதிர்காலம் நிகழ்காலத்தைப் போலவே இருக்கும், ஒரு வகையில் நூறு எஞ்சினுக்கு மேல் யாரும் செய்யப்போவதில்லை என்ற நம்பிக்கை அது. 1913-ல் 9600 என்ற சரக்கு எஞ்சினும், 1914-ல் 8620 என்ற பயணிகள் எஞ்சினும் வந்தன. முன்னது 770, பின்னது 672 கட்டப்பட்டன. 9699 வரை போனதும் அடுத்த எஞ்சினுக்கு எண் இல்லை. முன்னால் ஒரு 1 சேர்த்து 19600 என்றார்கள். அது தீர்ந்ததும் 29600. 8620-ன் கதை இன்னும் வேடிக்கை. 8699-க்குப் பிறகு 18620, எண்பது கழிந்ததும் 28620. க்யூஷூவில் 2024 வரை சுற்றுலா ரயிலை இழுத்த 58654 என்ற எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். முதல் இலக்கம் 5 என்பதால் ஐந்து எண்பதுகள் முடிந்துவிட்டன. 20-லிருந்து 54 வரை எண்ணினால் 35. ஆக, இது அந்த வகையின் 435-வது எஞ்சின். எண்ணைப் பார்த்து எஞ்சினை அறிவதற்காக ஏற்பட்ட ஒழுங்கு, எண்ணுக்குப் பொழிப்புரை எழுத வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. யாப்பிலக்கணத்தில் விதியைவிட விலக்குகள் பெருத்துப் போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1928-ன் ஒழுங்கு முந்தியதைவிடப் புத்திசாலித்தனமானது. முதலில் ஓர் எழுத்து: விசை பெறும் அச்சுகள் இரண்டானால் பி, மூன்றானால் சி, நான்கானால் டி, ஐந்தானால் இ. அடுத்து இரண்டு இலக்கங்கள்: 10 முதல் 49 வரை டாங்க் எஞ்சின், 50 முதல் 99 வரை டெண்டர் எஞ்சின். அதன் பிறகு எஞ்சினின் வரிசை எண், எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம். 1936-ல் தொடங்கிய டி51 வகையில் 1945-க்குள் 1,115 எஞ்சின்கள் கட்டப்பட்டன. எழுத்து ஒழுங்கு அவ்வளவையும் அலுங்காமல் தாங்கிக்கொண்டது. டி51-ஐ வடிவமைத்த ஷிமா ஹிதியோதான் பின்னால் 1964-ன் ஷின்கான்சென் அதிவேக ரயிலின் தலைமைப் பொறியாளராகவும் இருந்தவர். ஜனங்கள் அந்த எழுத்தையும் இலக்கங்களையும் சேர்த்து 'தெகோய்ச்சி' என்று ஒரு செல்லப் பெயராக்கினார்கள். 1909 பெயரை எண்ணாக்கியது என்றால், இங்கே எண்ணே பெயராகித் திரும்பி வந்தது. இது ஆபீஸ் உத்தரவால் நடந்ததல்ல.

இந்தக் குறியீடு எதை அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது அச்சை எண்ணியது. உலோகத்தின் தரத்தைச் சொல்லவில்லை, உழைத்தவன் கையையும் சொல்லவில்லை. 1943-ல் வந்த டி52 யுத்தகால எஞ்சின். எஃகுக்குப் பஞ்சம். புகைத் தடுப்புத் தகடுகள் இருந்த இடத்தில் மரப்பலகை, எடைக்குக் கான்கிரீட். அவசரத்தில் செய்த கொதிகலன்களில் சில வெடித்து ஆட்கள் செத்தார்கள். வகைப்பாட்டின் கண்ணில் அதுவும் டி51-ம் நான்கு அச்சு டெண்டர் எஞ்சின்களே. யுத்தத்துக்குப் பின், 1948-ல், தேவைக்கு மேல் இருந்த டி52-களின் கொதிகலனை மூன்று அச்சுச் சட்டத்தின் மேல் ஏற்றி, காகிதத்தில் 'மாற்றியமைப்பு' என்று காட்டிப் புது எஞ்சின் செய்தார்கள். எழுத்து டி-யிலிருந்து சி ஆயிற்று. அப்படிப் பிறந்த சி62 வகையின் 17-வது எஞ்சின் 1954 டிசம்பரில் மணிக்கு 129 கிலோமீட்டர் வேகம் தொட்டது. சரக்கு வண்டிக் கொதிகலனின் முன்கதையை அந்த எழுத்து மறந்தே போயிற்று.

இனி சி56. 1935-க்கும் 1939-க்கும் இடையில் அரசு ரயில்வேக்காக 160 எஞ்சின்கள். மூன்று அச்சு, டெண்டர், எடை சுமார் 38 டன். கனமான தண்டவாளம் போட முடியாத மலைப்பாதைகளுக்கும் கிளைப்பாதைகளுக்கும் ஏற்பட்ட சிறிய எஞ்சின். கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்பும் மேடை இல்லாத பாதைகளில் பின்னோக்கியே ஓட வேண்டியிருந்ததால், ஓட்டுபவருக்கு வழி தெரியும்படி டெண்டரின் பக்கங்களைச் செதுக்கிக் குறுக்கியிருந்தார்கள். நாகானோ மலைகளில் இதற்கு 'மேட்டுநிலத்து மட்டக்குதிரை' என்று பெயர். ராணுவம் தேடிக்கொண்டிருந்ததும் இந்தக் குணங்களைத்தான். இலேசானது, எந்தப் பாதையிலும் போகும், திருப்பு மேடை கேட்காது. 1941-42-ல் 1 முதல் 90 வரை எண்ணுள்ள எஞ்சின்கள் வரிசையாக எடுக்கப்பட்டன. சக்கரங்களின் இடைவெளியை 67 மில்லிமீட்டர் குறைத்து மீட்டர்கேஜ் ஆக்கி, தெற்கே கப்பலேற்றினார்கள். 

அவை போய்ச் சேர்ந்த பாதைகளில் ஒன்று, தாய்லாந்தின் பான் பொங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ன் நடுவில் வேலை தொடங்கியது. இரு முனைகளும் 1943 அக்டோபர் 17-ல் சேர்ந்தன, 25-ல் திறப்பு விழா. தண்டவாளத்தில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. ஆட்களில் பெரும்பகுதியும் மலாயாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்ததுதான். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எல்லோரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேறு. அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். 1943-ன் மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளின் முகாம்களிலாவது அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தமிழர் முகாம்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவும் இல்லை.

செத்த ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் பல பத்தாயிரம் வித்தியாசம். அனுப்பப்பட்ட சி56 எத்தனை என்றால் 90. அவற்றில் எது எங்கே போயிற்று என்றும் பெரும்பாலும் சொல்ல முடியும். யுத்தம் முடிந்து தாய்லாந்தில் தங்கியவை 46. அந்நாட்டு ரயில்வே அவற்றுக்கு 701 முதல் 746 வரை புது எண் கொடுத்தது. சி56-31 அங்கே 725 ஆயிற்று. சி56-44, 735. இரண்டும் 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பின. 44 ஓய்கவா ரயில்வேயில் மறுபடி ஓடியது. 2007-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் பழைய தாய்லாந்து நிறம் பூசி 735 என்ற எண்ணோடும் ஓடியது. 31 டோக்கியோவின் யாசுகுனி கோவிலை ஒட்டிய போர் அருங்காட்சியகத்தில், பழைய எண் தகட்டோடு, கறுப்பு மெருகு கலையாமல் நிற்கிறது. இன்னொரு எஞ்சின், சி56-23, தன்பியூசயாட்டில் பாதையின் பர்மிய முனையில் நிற்கிறது. எண் போட்ட இரும்புக்கு மறதி இல்லை. இரண்டு நாடுகளில் இரண்டு எண்களும் பத்திரமாக இருக்கின்றன.

போர்க்கைதிகளுக்கும் எண் இருந்தது. ராணுவ எண், பதவி, ரெஜிமென்ட். முகாம்களில் அதிகாரிகள் இறந்தவர் பட்டியலை மறைத்து வைத்துக் காத்தார்கள். 1945-ல் ஒரு குழு பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. இன்று காஞ்சனாபுரியில் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தமிழனுக்கும் எண் இல்லாமலில்லை. செக்ரோலில் அவன் பெயர் இருந்தது, பெரட்டில் அவனை எண்ணினார்கள். கூலி கணக்கிடப் போதுமானது அது. அவன் லாரி ஏறியதும் அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று. அடுத்த கணக்கில் அவன் 'இத்தனை ஆட்கள்' என்பதில் ஒரு பகுதி. வகையின் பெயர் தங்கியது, வரிசை எண் போய்விட்டது. 1928-ன் ஒழுங்கு எஞ்சின்களுக்குச் செய்ய மறுத்தது இதைத்தான்.

நம் எழுத்தாளர்களுக்குக் 'குறியீடு' என்ற சொல்லில் அபார ஆசை. ரயில் வந்தால் அது நவீனத்தின் குறியீடு, மரணத்தின் குறியீடு, காலத்தின் குறியீடு. ஜப்பானிய மொழியில் சி என்ற எழுத்தின் உச்சரிப்புக்கு நெருக்கமான 'ஷி' என்ற ஒலி, மரணத்தையும் குறிக்கும். சி56-ஐ அவர்கள் 'ஷிகோரொகு' என்றார்கள் என்று தெரிந்தால் நம்மில் ஒருவர் உடனே கவிதை எழுதிவிடுவார். இந்தத் தற்செயலில் ஒன்றும் இல்லை. மூன்று அச்சுகள், அவ்வளவுதான். ரயில்வேக்காரர்களின் குறியீடு ஒவ்வொரு எஞ்சினிடமும் நம்மைத் திருப்பி அனுப்புகிறது. நம்முடைய குறியீடு பெரும்பாலும் எழுபதாயிரம் பேரை ஒரு படிமமாகச் சுருக்கிவிட்டு நிம்மதி அடைகிறது. செக்ரோல் முடிந்த இடத்தில் கவிதை அதே வேலையைத் தொடர்வது எனக்கு ஒப்பவில்லை.

மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். 2023-ல் காஞ்சனாபுரியில் தமிழர் நினைவாக ஒரு நடுகல் நட்டார்கள். இரண்டையும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நம் பழைய நடுகற்களில் பல, விழுந்தவன் பெயரையும், எந்த ஊர்ச் சண்டையில் விழுந்தான் என்பதையும் சொல்லிவிடுகின்றன. எஞ்சியிருக்கும் தோட்டப் பதிவுகள், குடும்பங்களில் இன்னும் சொல்லப்படும் பெயர்கள், திரும்பாதவனுக்காக வருஷாவருஷம் குத்துமதிப்பான ஒரு தேதியில் வைக்கும் படையல், இவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக்கும் வேலை இலக்கிய வேலையா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். அகரவரிசையில் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், போன வருஷம். நாகானோ மலைகளில் ஓடிய 38 டன் இரும்புக்கு இவ்வளவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.