ஆயிரம் அடி எங்கே போனது?

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறரை மணிக்கு டெல்லியிலிருந்து சவூதி அரேபியன் ஏர்லைன்ஸின் போயிங் 747 கிளம்பியது. உள்ளே 312 பேர். பாதிக்கு மேல் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன இந்தியர்கள். அதே வேளையில் கஜகஸ்தானின் சிம்கென்ட்டிலிருந்து வந்த இலியூஷின்-76 டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் 37 பேர். பயணிகள் டெல்லியில் சரக்கு வாங்க வந்த கிர்கிஸ்தான்காரர்கள்.

இரண்டும் எதிரெதிரே வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டெல்லியின் மேற்கு வானில் வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் அன்று ஒரே பாதைதான். மற்ற வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்தது. ஆகவே உயரத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். இறங்குகிறவர் 15,000 அடியில் நிற்க வேண்டும், ஏறுகிறவர் 14,000 அடியில். ஆயிரம் அடி இடைவெளி உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. கட்டுப்பாட்டாளர் தவறாக எதையும் சொல்லவில்லை.

ஆனால் அவர் முன்னால் இருந்த பழைய ரேடார், விமானம் எங்கே இருக்கிறது என்று மட்டுமே காட்டும். எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை விமானத்தில் இருப்பவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

சொன்னது யார்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. சோவியத் வழக்கப்படி இலியூஷினில் இரண்டு விமானிகளோடு வழிகாட்டி, பொறியாளர், ரேடியோ ஆபரேட்டர் என்று தனித்தனி ஆட்கள். தரையோடு ஆங்கிலத்தில் பேசுவது ரேடியோ ஆபரேட்டரின் வேலை. அவர் எதிரில் உயரமானி கிடையாது. பார்க்க வேண்டுமானால் விமானிகளின் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். விமானத்தை ஓட்டுகிறவர்களுக்கோ ஆங்கிலம் சரளமில்லை. உத்தரவைக் கேட்ட காது ஒருவருடையது, ஸ்டியரிங்கைப் பிடித்த கை இன்னொருவருடையது.

15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று ஆபரேட்டர் தெரிவித்தார். உண்மையில் விமானம் அதைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. 150-லேயே இருங்கள் (நூறு அடிகளில் சொல்வது விமான வழக்கு), எதிரே சவூதி போயிங் வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார் கட்டுப்பாட்டாளர். எத்தனை மைல் என்று கேட்டார்கள். 14 மைல் என்றார். அந்த விமானத்தின் உயரம் 140 என்றும் சொன்னார். சில நொடிகளுக்குள் 150, 14, 140 என்று மூன்று எண்கள். அந்நிய மொழியில், அதுவும் மேகத்துக்குள் பறந்தபடி இதைக் கேட்டவர்களுக்குத் தலை சுற்றியிருந்தால் வியப்பில்லை. ஆனாலும் தம் உயரத்தைத் தாம் பார்க்காததற்கு அது சமாதானமாகாது.

கடைசி நொடிகளில் ஆபரேட்டர் உயரமானியைப் பார்த்துவிட்டார். 150-க்கு ஏறுங்கள், 140-ல் அவன் வருகிறான் என்று பதறினார். தலைமை விமானி எஞ்சின்களை முழு வேகத்துக்குத் தள்ளினார். விமானம் மேலே எழும்பியது. அந்த ஏற்றம்தான் எமனாகியது. எழும்பாமல் இருந்திருந்தால் போயிங்கின் அடியில் தப்பிப் போயிருக்கலாம். இலியூஷினின் வால் போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களில் இரண்டும் விழுந்தன. அந்தப் பக்கம் பறந்த அமெரிக்க விமானப்படை விமானி ஒருவர், மேகம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததைப் பார்த்துத் தகவல் சொன்னார்.

நீதிபதி ஆர்.சி.லகோட்டி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. மேகத்துக்குள் காற்று அலைக்கழித்ததுதான் காரணம் என்று கஜகஸ்தான் தரப்பு வாதாடியது, கமிஷன் ஏற்கவில்லை. கொடுத்த உயரத்துக்குக் கீழே இறங்கிய இலியூஷின் குழுவினர் மீதுதான் பழி என்று தீர்ப்பானது. தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் உயரத்தையும் காட்டும் புதிய ரேடாரை டெல்லியில் நிறுவும் வேலை அப்போது முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதை, மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயம் என்பதெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

இறந்தவர்கள் 349 பேர். நடுவானில் இரு விமானங்கள் மோதி இத்தனை உயிர்கள் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

(தொடரும்)