கணினியைத் தொடாதவருக்கான பாடம்: அமெரிக்க உள்ளூர் நிர்வாகங்களில் சைபர் பாதுகாப்புப் பயிற்சி வளர்ந்த கதை

அமெரிக்க மத்திய அரசில் கணினிப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது 1987-ஆம் ஆண்டின் கணினிப் பாதுகாப்புச் சட்டம். ரொனால்ட் ரீகன் அதில் கையெழுத்திட்டது 1988 ஜனவரி 8 அன்று. முக்கியத் தகவல்களைக் கையாளும் அரசுக் கணினிகளை நிர்வகிப்பவர், பயன்படுத்துபவர், இயக்குபவர் ஆகியோருக்குக் காலமுறைப்படி பயிற்சி தர வேண்டும் என்றது அதன் விதி. எல்லோருமே கணினியோடு நேரடித் தொடர்புள்ளவர்கள். ஒரு நகரத்தின் மேயரோ, தீயணைப்புத் துறைத் தலைவரோ, குடிநீர் நிலையத்தின் பம்ப் ஆபரேட்டரோ அந்த விதியை எழுதியவர்களின் மனத்தில் இல்லை. அவர்கள் மத்திய அரசு ஊழியர்கள் அல்லர் என்பது ஒரு காரணம். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இவர்கள் எப்படி வகுப்பறைக்குள் வந்தார்கள், வந்தவர்களில் சிலரைச் சட்டமே எப்படி மறுபடி வெளியே அனுப்பியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என்ன கற்பிப்பது என்பதைவிட, யாரை உட்கார வைப்பது என்பதே இந்த வரலாற்றை நகர்த்திய கேள்வி. சட்டத்துக்குப் பிடித்தது தலைகளை எண்ணிச் சான்றிதழ் தரக்கூடிய பயிற்சி. பலன் தந்தது பெரும்பாலும் வேறொன்று.

சட்டம் வந்து பத்து மாதங்களில், 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நிரல் இணையத்தில் பரவியது. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் 6,000 முடங்கின என்பது அக்காலக் கணிப்பு. மோரிஸ் புழு என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அதன் விளைவாக கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புத் துறையின் நிதியில், கணினி அவசர நிலைகளைக் கையாளும் ‘செர்ட்’ மையம் பிறந்தது. புழுவை எதிர்த்து நின்றவர்கள் நிரலாளர்களும் கணினி மைய நிர்வாகிகளும்தான். ஆகவே அடுத்த பத்தாண்டுகளுக்குப் பயிற்சி என்றாலே அவர்களுக்கான பயிற்சி என்றாயிற்று. 1998-இல் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வொருவரின் பொறுப்புக்கு ஏற்பப் பாடத்தைப் பிரிக்கச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பொறுப்புகளெல்லாம் அலுவலகச் சுவர்களுக்குள்ளேயே இருந்தன.

சுவர் உடையத் தொடங்கியது அதற்கு ஓராண்டு முன்பே, 1997-இல். அந்த ஜூன் மாதம் தேசியப் பாதுகாப்பு முகமையின் குழு ஒன்று, யாரும் இணையத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய கருவிகளை மட்டும் வைத்து, பென்டகனின் வலையமைப்புகளுக்குள் புகுந்து காட்டியது. ‘எலிஜிபிள் ரிசீவர்’ என்ற ரகசிய ஒத்திகை அது. நகரங்களின் மின்சாரமும் 911 அவசர அழைப்பும் தாக்கப்பட்டால் என்னவாகும் என்பதும் அதில் கற்பனையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், முக்கியக் கட்டமைப்புகளின் பாதுகாப்பை ஆராய கிளின்டன் அமைத்த ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. மின்சாரம், தொலைபேசி, எண்ணெய்க் குழாய், வங்கி ஆகியவற்றில் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கிறது, அரசு மட்டும் விழிப்பாக இருந்து பயனில்லை என்பது அதன் சாரம். 1998 மே மாதம் வந்த அதிபர் ஆணை எண் 63, ஒவ்வொரு துறையும் தனக்குள் தகவல் பகிர்ந்துகொள்ளும் மையங்களை அமைக்க ஊக்குவித்தது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. மின்துறை மின்துறையோடு பேசும், வங்கி வங்கியோடு பேசும். ஒரே ஊரின் மின்வாரியமும் மருத்துவமனையும் காவல்துறையும் தங்களுக்குள் பேசிக்கொள்ள யாரும் வழி செய்யவில்லை. தாக்குதல் வந்தால் அதைத் தாங்குவது ஊர்தான்.

அந்த ஓட்டையை முதலில் அடைக்க முயன்ற ஊர் டெக்சாஸின் சான் அன்டோனியோ. இது தற்செயல் அன்று. விமானப்படையின் உளவுப் பிரிவு அங்கே பல ஆண்டுகளாக இயங்கியது. ஊரில் பாதுகாப்புத் தொழில் தெரிந்தவர்கள் நிறையப் பேர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்தில் கட்டமைப்புப் பாதுகாப்புக்கான மையம் ஒன்றும் தொடங்கப்பட்டிருந்தது. சிரோ ரோட்ரிகஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் முன்வைத்த யோசனையை அந்த மையம் எடுத்துக்கொண்டது. 2002 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலின் முதலாம் ஆண்டு நினைவு சூடாக இருந்த மாதத்தில், ‘டார்க் ஸ்கிரீன்’ என்ற பெயரில் ஊர் அளவிலான சைபர் ஒத்திகை நடந்தது. நகராட்சி, பெக்சார் கவுண்டி நிர்வாகம், ராணுவம், தனியார் நிறுவனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடின.

இவ்வகை மேசை ஒத்திகை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அறையில் கணினி இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு துறை உட்காரும். நடத்துபவர் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியே சீட்டு கொடுப்பார். நகராட்சி இணையதளத்தின் முகப்பை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒரு சீட்டு. மருத்துவமனைக்குச் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று இன்னொன்று. அவசர அழைப்பு மையத்தின் இணைப்புகள் வழக்கத்தைவிட நெரிசலாக இருக்கின்றன என்று மூன்றாவது. தனியாகப் பார்த்தால் எல்லாமே சில்லறை விஷயங்கள், தொழில்நுட்பப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு மறந்துவிடக் கூடியவை. பக்கத்து மேசைக்குப் போய் “உங்களுக்கும் ஏதாவது வந்ததா?” என்று கேட்டால்தான் ஊரையே யாரோ குறிவைத்திருப்பது புரியும். அதைக் கேட்பதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. யாருக்குப் போன் போடுவது, அந்த எண் எங்கே இருக்கிறது, செய்தியை வெளியே சொல்ல யாருக்கு அதிகாரம் என்பது தெரிந்தால் போதும். என்னைக் கேட்டால், இந்த நீண்ட வரலாற்றில் கண்டெடுக்கப்பட்ட உருப்படியான பாடம் இதுதான்.

சான் அன்டோனியோ மையம் இந்த அனுபவத்திலிருந்து சமூகங்களுக்கான முதிர்ச்சி மாதிரி ஒன்றை வகுத்தது. விழிப்புணர்வு, தகவல் பகிர்வு, கொள்கை, திட்டமிடல் ஆகிய நான்கு கோணங்களில் ஓர் ஊர் ஐந்து படிகளில் எந்தப் படியில் நிற்கிறது என்று அது அளக்கும். அந்த மையமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஆர்கன்சா, மெம்பிஸ், வெர்மான்டின் நார்விச் ஆகிய கல்வி நிறுவனங்களின் பிரிவுகளும் கைகோத்து, ஊர் ஊராகச் சென்று இலவசமாக வகுப்பெடுக்கும் கூட்டமைப்பாயின. அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 2022 மே மாதத்தில்தான். அந்தச் சட்டமும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இத்தகைய கூட்டமைப்போடு சேர்ந்து பணியாற்றலாம் என்கிறதே தவிர, பணியாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை.

ஊர்த் தலைவர்கள் சீட்டுகளோடு மல்லுக்கட்டிய காலத்தில், வடமேற்கே ஐடஹோவில் இன்னொரு வகை மாணவர் உருவானார். 2007 மார்ச் 4 அன்று ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 27 டன் எடையுள்ள, 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றைப் பொறியாளர்கள் வேண்டுமென்றே அழித்தார்கள். வெடிமருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஜெனரேட்டரை மின்தொகுப்போடு இணைக்கும் பிரேக்கரைத் திறந்து, ஜெனரேட்டரின் சுழற்சி தொகுப்போடு ஒத்துப்போகாத கணத்தில் மறுபடி மூடச் சொல்லும் கட்டளையை நிரல் வழியே அனுப்பினார்கள். தொகுப்பு தன் வேகத்துக்கு இழுக்க, ஜெனரேட்டர் தன் வேகத்தில் சுழல, தண்டு முறுக்கப்பட்டு அந்தப் பெரிய இயந்திரம் துள்ளியது. சில முறை இப்படிச் செய்ததும் புகை கக்கி நின்றது. ‘அரோரா’ எனப்பட்ட இச்சோதனையின் காணொளியை அந்த செப்டம்பரில் சிஎன்என் ஒளிபரப்பியது. சைபர் தாக்குதல் என்றால் கோப்பு திருட்டு என்று நினைத்திருந்த ஆலைப் பொறியாளர்களுக்கு, தங்கள் இயந்திரமே உடையும் என்பது கண்ணெதிரே தெரிந்தது.

ஐடஹோ ஃபால்ஸில் நடந்த பயிற்சி இந்த அதிர்ச்சியைப் பாடமாக்கியது. அலுவலக வலையமைப்பும் ஆலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பும் உள்ள மாதிரி நிறுவனம் ஒன்றை நீல அணி காக்கும். சிவப்பு அணி உடைக்கப் பார்க்கும். நீல அணிக்குள்ளேயே வாக்குவாதம் எழும். கணினிப் பிரிவிலிருந்து வந்தவர் சந்தேகம் வந்த இயந்திரத்தை உடனே துண்டிக்கச் சொல்வார். பம்பை நிறுத்தினால் உற்பத்தி நின்றுவிடும், நிறுத்த முடியாது என்பார் ஆலை ஆபரேட்டர். இருவர் சொல்வதும் அவரவர் தொழிலில் சரி. அவர்களை முதன்முதலாக எதிரெதிரே உட்கார வைப்பது நெருக்கடி நாளன்று நடக்கக் கூடாது என்பதற்காகவே அந்தப் பயிற்சி.

மின்துறையில் இத்தகைய பயிற்சி சட்டத்தின் பிடிக்குள் சீக்கிரமே வந்தது. 2003 ஆகஸ்ட் 14-இல் சுமார் 5 கோடிப் பேரை இருளில் தள்ளிய மின்தடைக்குப் பின், நம்பகத்தன்மை விதிகளைக் கட்டாயமாக்க 2005-இன் சட்டம் வழி செய்தது. 2008 ஜனவரியில் சைபர் பாதுகாப்பு விதிகளும் ஏற்கப்பட்டன. முக்கிய அமைப்புகளை அணுகும் ஊழியர் 15 மாதங்களுக்குள் ஒருமுறை பயிற்சி பெற்றாக வேண்டும். மீறலுக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேலும் அபராதம் விதிக்க முடியும். அபராதத்தின் பயத்தில் மின்துறை படித்தது.

உள்ளூராட்சிகளில் அந்தப் பயம் இல்லை. அனுபவம்தான் வந்தது. 2019 ஆகஸ்ட் 16 காலையில் டெக்சாஸின் இருபதுக்கும் மேற்பட்ட சிறு உள்ளூராட்சிகளின் கணினிகள் ஒரே நேரத்தில், பணம் பறிக்கும் நிரலான ரான்சம்வேரால் பூட்டப்பட்டன. தாக்கியவர்கள் ஒவ்வோர் ஊராகப் போகவில்லை. பல ஊர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரித்த ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக நுழைந்தார்கள். மாநிலம் பேரிடர் அறிவித்தது; பல்கலைக்கழகக் குழுவும் மாநிலப் படையும் களமிறங்கின. ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லா ஊர்களும் மீட்புக் கட்டத்துக்கு வந்துவிட்டன. யாரை அழைப்பது என்பது முன்பே முடிவாகியிருந்ததன் பலன் அது.

அதே ஆண்டு ஜூனில் டெக்சாஸ் இயற்றிய சட்டம் ஒன்று, உள்ளூராட்சி ஊழியரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் ஆண்டுதோறும் அங்கீகரிக்கப்பட்ட சைபர் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. மேயர் இறுதியாக வகுப்புக்குள் வந்துவிட்டார் என்று தோன்றும். 2021-இல் அதைத் திருத்தினார்கள். தன் பணியில் 25 விழுக்காடாவது கணினியில் செய்பவருக்கே இனிக் கட்டாயம். வாரம் ஒருமுறை மின்னஞ்சல் பார்ப்பவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்ற நியாயம் அதில் உண்டு. ஆனால் டெக்சாஸ் சட்டப்படி ஓர் ஊரின் அவசர நிலை நிர்வாக இயக்குநர் அவ்வூரின் மேயர்; கவுண்டிக்கு ‘கவுண்டி ஜட்ஜ்’ என்ற நிர்வாகத் தலைவர். உள்ளூர்ப் பேரிடரை அறிவிப்பது அவர்கள் கை. கணினி முன் அதிகம் உட்காராத அந்த இருவரும் 25 விழுக்காட்டுக் கோட்டுக்கு வெளியே நிற்க வாய்ப்புண்டு. 1987-இன் சட்டம் போட்ட அதே எல்லை மறுபடி வரையப்பட்டது.

குடிநீரின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் சுமார் 50,000 சமூகக் குடிநீர் அமைப்புகள் உள்ளன; பெரும்பாலானவை மிகச் சிறியவை. 2018-இன் சட்டம் 3,300 பேருக்கு மேல் நீர் தரும் அமைப்புகளை இடர் மதிப்பீடு செய்து அவசரகாலத் திட்டம் வகுக்கச் சொன்னது, அவ்வளவே. 2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஓல்ட்ஸ்மாரில் யாரோ தொலைவிலிருந்து காஸ்டிக் சோடா அளவைப் பத்து லட்சத்தில் 100 பங்கிலிருந்து 11,100 பங்குக்கு உயர்த்தினார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. பயிற்சியாளர்களுக்கு அது கைகண்ட உதாரணமாயிற்று. 2023-இல் அந்நகரின் முன்னாள் நகர மேலாளரே அது வெளித் தாக்குதல் அன்று, ஊழியரின் கைப்பிழையாக இருக்கலாம் என்றார். நிரூபணமாகாத கதையைப் பாடமாக்கினால் கேட்பவரின் நம்பிக்கை முதலில் போகும்; ஆபரேட்டர்கள் இதில் கூர்மையானவர்கள்.

2023 மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடிநீர் நிலையங்களின் வழக்கமான சுகாதார ஆய்வில் சைபர் பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மிசௌரி, ஆர்கன்சா, அயோவா மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. அக்டோபரில் முகமை அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி பென்சில்வேனியாவின் அலிக்விப்பாவில், நீரழுத்தத்தைச் சீராக்கும் நிலையமொன்றின் கட்டுப்பாட்டுக் கருவியை இரானோடு தொடர்புடைய குழு கைப்பற்றியது. இஸ்ரேலில் தயாரான அந்த வகைக் கருவிகளுக்கு ஆலையிலிருந்தே வரும் கடவுச்சொல் 1111. ஊழியர்கள் தானியங்கியை அணைத்துக் கையால் இயக்கியதால் தண்ணீர் நிற்கவில்லை.

2024 மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அன்றைய தலைவர் மைக்கேல் ரீகனும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜேக் சல்லிவனும் கூட்டாக ஒரு கடிதம் எழுதினார்கள். ஆலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற அடிப்படை வேலைகூடப் பல குடிநீர் நிலையங்களில் நடக்கவில்லை என்றது கடிதம். அது போய்ச் சேர்ந்தது கணினிப் பொறியாளர்களுக்கு அல்ல. எல்லா மாநில ஆளுநர்களுக்கும்.