மசூலிப்பட்டினத்தில் தெரிந்த மஞ்சள் கோடு

தனிம அட்டவணையின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் சொல்கின்றன. இதற்கு ஆதாரம் உண்டா என்று மூல ஆவணங்களில் தேடினேன்.

முதலில் ஜான்செனின் கடிதம். செப்டம்பர் 19 அன்று காக்கிநாடாவிலிருந்து பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதியது. கிரகணம் இல்லாத நாளிலும் சூரியப் பிழம்புகளை நிறமாலைமானியால் ஆராயலாம் என்பதே அதன் சாரம். அது பெரிய சாதனைதான். ஆனால் புதிய தனிமம் என்ற பேச்சே அதில் இல்லை.

கிரகண நாளில் தென்னிந்தியாவில் வேறு குழுக்களும் இருந்தன. குண்டூரில் டென்னன்ட், இன்றைய கர்நாடகத்தின் ஜமகண்டியில் இளைய ஜான் ஹெர்ஷல். பிழம்புகளின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோட்டை இருவருமே சோடியத்தின் ‘டி’ கோடு என்று எழுதிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது சென்னை வானாய்வகம். நுங்கம்பாக்கத்திலிருந்த அதன் ஆவணங்கள் இப்போது பெங்களூரு கோரமங்களாவில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் இருக்கின்றன. வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சன் அரசுக்குக் கொடுத்த கிரகண அறிக்கை அங்கே உண்டு. அவர் மசூலிப்பட்டினத்திலும், உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலும் கிரகணத்தைப் பார்த்தார்கள். மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் போக்சன் மட்டும் தயங்குகிறார்: ‘டி’யிலோ அதை ஒட்டியோ என்றே குறிக்கிறார்.

அந்தத் தயக்கம் நியாயமானது. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் விழுகின்றன. ஹீலியத்தின் கோடு 587.6இல். அணுவில் எலெக்ட்ரான்கள் நிற்கும் ஆற்றல் நிலைகள் தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஒரு நிலையிலிருந்து கீழ் நிலைக்கு எலெக்ட்ரான் இறங்கும்போது வரும் ஒளியின் அலைநீளமும் அதனால் வேறுபடும். இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியில்தான் ஒரு தனிமம் ஒளிந்திருந்தது.

போக்சனின் அறிக்கை அரசு வெளியீடாகவே நின்றுவிட்டது. ஐரோப்பிய அறிவியல் இதழ்களை எட்டவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் அந்தக் கோட்டைக் கண்டு, பின்னர் அது சோடியத்தினுடையது அல்ல என்று காட்டினார். 1869இல் மெண்டலீவ் போட்ட அட்டவணையில் ஹீலியத்துக்கு இடமில்லை. 1895இல் வேதியியலாளர் ராம்சே யுரேனியக் கனிமத்திலிருந்து அந்த வாயுவைப் பிரித்தெடுத்த பிறகே ஐயம் தீர்ந்தது. ஆர்கானோடு சேர்த்து அதற்காகப் புதிய தொகுதியே தேவைப்பட்டது.

ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர் போக்சன் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடு எதனுடையது என்று அவர் முடிவு கட்டவில்லை. ஆனால் மற்றவர்கள் சோடியம் என்று எழுதிய இடத்தில், கண்ணுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் எழுதியவர் அவர். ஹீலியத்தின் வரலாற்றைச் சொல்லும் பாடநூலில் குண்டூரோடு மசூலிப்பட்டினமும் இடம்பெற வேண்டும்.