முதலில் அழைக்கப்பட்ட பெயர்கள் – கால்பந்தில் ஆள் எடுத்த கதை

நாம் படித்த காலத்தில் 'டிராஃப்ட்' என்றால் ஒன்றே ஒன்றுதான். பரீட்சைக் கட்டணத்துக்காக பேங்க் கவுன்டரில் கால் கடுக்க நின்று எடுக்கும் டி.டி.! விளையாட்டு உலகிலும் அதே பெயரில் ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு லீக்கில் சேரக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். அதில் முதலில் அழைக்கப்படும் பெயருக்கு இருக்கும் மவுசே தனி. மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். ஊரில் பேனர் கட்டுவார்கள். ஆனால் அப்படி அழைக்கப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வேலைதான் ஒப்பந்தம்

டிராஃப்ட் வருவதற்கு முன் நம் ஊரில் ஆட்டக்காரனை எப்படி எடுத்தார்கள்? சென்னை சீனியர் டிவிஷன் லீக் அணிகளின் பெயர்களைப் பாருங்கள். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ஸ்டேட் பேங்க், கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ், போலீஸ். எல்லாமே ஆபீஸ் பெயர்கள்! பந்து நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உத்தியோகம். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், சாயங்காலம் மேட்ச். முழங்கால் போனாலும் மேஜையும் நாற்காலியும் போகாது, பி.எஃப்., பென்ஷன் என்று கடைசிவரை ஒரு பிடிப்பு இருந்தது.

நம் மேற்குப் புறநகர் வளர்ந்ததே தொழிற்சாலைகளால்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப், 1960-களில் வந்த தொழிற்பேட்டை. ஆவடியில் டாங்க் ஃபேக்டரி, ஆர்ட்னன்ஸ் கிளாத்திங் ஃபேக்டரி, சிறப்புக் காவல் படை, சி.ஆர்.பி.எஃப். முகாம். இந்தப் பக்கத்துத் தகப்பன்மார்களுக்கு வேலை என்றால் சைரன் ஊதும் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. "பந்தை உதைச்சா சோறு வருமா?" என்று அவர்கள் கேட்டபோது பையனால் பதில் சொல்ல முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டாதான்.

கேரளத்தின் ஐ.எம். விஜயன் போலீஸ் அணியில் வளர்ந்தவர். கேரளா போலீஸ் 1990, 1991 இரண்டு ஆண்டும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது அதில் சென்னையின் கொடியைப் பிடித்ததும் ஒரு பேங்க் அணிதான் – இந்தியன் பேங்க். ஆனால் காலம் மாறியது. 2007-ல் ஐ-லீக் பிறந்தபோது அந்தப் பட்டியலில் ஒரு சென்னை அணிகூட இல்லை. அடுத்த சென்னை அணியாக சென்னை சிட்டி எஃப்.சி. அதில் நுழைய 2017 ஆகிவிட்டது.

அமெரிக்காவில் பிறந்த வழக்கம்

டிராஃப்ட் பிறந்தது அமெரிக்காவில். அதுவும் நம் கால்பந்தில் இல்லை; கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய ஃபுட்பாலில். பணக்கார அணியே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போகாமல், கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் வாய்ப்பு என்பது அதன் நியாயம். 1936-ல் நடந்த முதல் டிராஃப்ட்டில் முதலில் அழைக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழக மாணவர். சம்பளம் ஒத்துவரவில்லை. அவர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ரப்பர் கம்பெனி ஒன்றில் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். டன்லப்பில் வேலை கிடைத்தால் கோயிலுக்கு மாலை சாத்திய அம்பத்தூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்!

பின்னாளில் அமெரிக்கக் கால்பந்து லீக்கும் இதே முறையைக் கைக்கொண்டது. 2004-ல் அங்கே முதல் பெயர் ஃப்ரெடி அடு. வயது 14! அடுத்த பெலே என்று உலகமே பேசியது. பிறகு நாடு நாடாக, கிளப் கிளப்பாக அலைந்ததுதான் மிச்சம். அதே டிராஃப்ட்டில் எட்டாவதாக அழைக்கப்பட்டவர் கிளின்ட் டெம்ப்சி. அவர் 3 உலகக் கோப்பைகளில் கோல் அடித்து, அமெரிக்காவுக்காக 57 கோல்கள் குவித்தார்.

ஏலம் நடந்தது, ஆட்டம் நடக்கவில்லை

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். 2012 ஜனவரியில் கொல்கத்தாவில் ஒரு கால்பந்து ஏலம் நடந்தது. அர்ஜென்டினாவின் கிரெஸ்போவை 8,40,000 டாலருக்கு பாராசாத் அணி எடுத்தது. உலகக் கோப்பையை ஏந்திய இத்தாலிய கேப்டன் கன்னவாரோவும் ஏலம் போனார். ஆனால் லீக் நடக்கவே இல்லை!

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. ஜூலை 22, 23 தேதிகளில் மும்பையில் முதல் உள்நாட்டு டிராஃப்ட்; பட்டியலில் 84 இந்திய ஆட்டக்காரர்கள். சம்பளம் முன்கூட்டியே நிர்ணயம். ஆகவே பணத்தைக் காட்டி ஆளை இழுக்க முடியாது. முறை வரும்போது பெயரைச் சொல்லவேண்டியதுதான். முதலில் பெங்களூருக்கு என்று அறிவிக்கப்பட்டிருந்த ஓர் இடம் கடைசியில் சென்னைக்கு வந்து, சென்னையின் எஃப்.சி. பிறந்தது.

2015-ல் டிராஃப்ட்டோடு 10 பேருக்கு ஏலமும் வைத்தார்கள். சுனில் சேத்ரி 1.20 கோடிக்கு மும்பை. யூஜின்சன் லிங்டோ 1.05 கோடிக்கு புனே. சேத்ரியைக் குறை சொல்ல முடியாது, ஹாட்ரிக் அடித்தார். ஆனாலும் மும்பை, புனே இரண்டுமே அரையிறுதியை எட்டவில்லை. கோப்பை யாருக்கு? நமக்குத்தான்! டிசம்பர் பெருவெள்ளத்தில் ஊரே தத்தளித்தது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியை புனேயில் ஆடிவிட்டு, கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்று வென்றார்கள். சென்னை அணி காசு செலவழிக்காமல் ஜெயித்தது என்று சொல்ல வரவில்லை. தோய் சிங்குக்கு 86 லட்சம், கோல்கீப்பர் கரண்ஜித்துக்கு 60 லட்சம் கொடுத்தார்கள். ஆனால் பட்டியலின் முதல் இரண்டு பெயர்கள் அவர்களிடம் இல்லை.

அந்த ஏலத்தில் பத்துப் பேரில் குறைந்த விலை, 41 லட்சம், போனவர் மலப்புறத்து அனஸ் எடத்தொடிகா. இளவயதில் ஆட்டோ ஓட்டியவர். 2017 டிராஃப்ட்டில் புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் அணி முதலில் சொன்ன பெயரே அனஸ்தான்! 1.10 கோடி. கொல்கத்தாவுக்குப் போன லிங்டோவுக்கும் அதே தொகை. இரண்டே வருஷத்தில் கடைசி ஆள் முதல் ஆள். அப்புறம் நடந்தது என்ன? இருவரையும் காயம் வாட்டியது. அந்த இரு அணிகளும் அரையிறுதிக்கு வரவில்லை. கோப்பை மறுபடியும் சென்னைக்கே.

அந்த 2018 அரையிறுதியில், நம் நேரு ஸ்டேடியத்தில், கோவாவுக்கு எதிராக விழுந்த மூன்று கோல்களில் ஒன்றை அடித்தவர் தன்பால் கணேஷ், 'குட்டி பிரேசில்' என்று பேர் வாங்கிய வியாசர்பாடிப் பையன். அவரும் 2017 டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டவர்தான். ஆனால் அன்றைய தலைப்புச் செய்தி அவர் இல்லை.

இனி நாம்

2017-க்குப் பிறகு அந்த லீக்கில் டிராஃப்ட் நடக்கவில்லை. கிளப்பும் ஆட்டக்காரரும் நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போடும் முறை வந்துவிட்டது. கன்னியாகுமரி மீனவக் கிராமத்துப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூர் போனது இப்படித்தான். அதே சென்னை சிட்டி 2019-ல் ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. அங்கே ஆடிய நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் கொல்கத்தா டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒற்றை கோல், மோகன் பகானைச் சாய்த்தது.

இந்த வரலாறு சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, முதலில் அழைக்கப்படுவது அன்றைய தினத்து மதிப்பீடு மட்டுமே. அடுத்த சீசனை அது எழுதிவிடாது. எட்டாவது பெயருக்கும், ஏன், அழைக்கப்படாத பெயருக்கும் இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் நாளே பெயர் வராமல் முகம் வாடி நிற்கும் தம்பி, தங்கைகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. அந்தக் காலத்து ஆட்டக்காரனுக்குக் காசு குறைவு. ஆனால் உத்தியோகம் இருந்தது. இந்தக் காலத்தில் லட்சங்கள் வரும். ஆனால் ஒரு சீசன், இரண்டு சீசன் ஒப்பந்தம். கால் உடைந்தால் நாற்காலி போட்டுத் தர ஆபீஸ் இல்லை. பேங்க்கும் ஃபேக்டரியும் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கையை இப்போது யார் பிடிப்பது? டிகிரி பிடிக்கலாம்; கல்லூரி பிடிக்கலாம். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து விடிகாலையில் பந்து உதைக்கும் பிள்ளைக்கு அட்டெண்டன்ஸில் கொஞ்சம் கருணை, அரியர் பேப்பருக்கு ஒரு டியூஷன், அடிபட்டால் வைத்தியச் செலவு – இவ்வளவு செய்தால் போதும். சங்கத்தின் பொதுக்குழுவில் இதற்கென ஒரு நிதி பற்றிப் பேசவேண்டும் என்பது என் வேண்டுகோள். வசதியுள்ள நண்பர்கள் முன்வரவேண்டும். டி.டி. எடுத்தும் அனுப்பலாம், அந்த டிராஃப்ட் நமக்குப் பழக்கமானதுதானே!