யாழ்ப்பாணத்து வீடுகளில் விளையாட்டுக் கணினி

ஒரு நாட்டின் சரித்திரம் அரசர்களின் போர்களிலும் ஆட்சியாளரின் சட்டங்களிலும் மாத்திரம் அடங்கிவிடுவதன்று. அடுக்களையிலும் கிணற்றடியிலும் படிப்பறையிலும் மக்கள் கையாண்ட கருவிகளிலும் அது பொதிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளில் துலா நின்ற இடத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தமை எவ்வாறு ஒரு சரித்திரமோ, அவ்வாறே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த மேசையில் இன்று விளையாட்டுக் கணினி அமர்ந்திருப்பதும் ஒரு சரித்திரமேயாகும். அதனை அறிந்தவர்க்கு, அக்கணினியின் உறுப்புக்களை எவ்வாறு தெரிந்து வாங்குவது, எவ்வாறு பேணுவது என்னும் கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கணினியில் விளையாடும் வழக்கம் புதியதன்று. 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்ரீவ் ரசல் என்பாரும் அவருடைய தோழர்களும் பி.டி.பி.-1 என்னும் கணினியில் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை ஆக்கினர். அக்காலத்துக் கணினி, பல்கலைக்கழகங்களும் பெரு நிறுவனங்களும் மாத்திரமே வாங்கத்தக்க விலையுடையது. 1977இல் அப்பிள் நிறுவனத்தின் இரண்டாவது கணினியும், 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியும் வெளிவந்த பின்னரே அக்கருவி வீட்டு மேசைக்கு வரலாயிற்று. 1993 டிசம்பரில் டூம் என்னும் விளையாட்டு வெளியானபோது, அதனை ஓட்டுவதற்கு 386 வகைச் செயலியும் 4 மெகாபைற் நினைவகமும் வேண்டப்பட்டன. விளையாட்டுக்காகவே கணினியின் உறுப்புக்களை மாற்றி வலுப்படுத்தும் வழக்கத்தை உலகெங்கும் வளர்த்தவற்றுள் அவ்விளையாட்டும் ஒன்று.

மேனாட்டு இளைஞர்கள் டூம் விளையாட்டில் மூழ்கியிருந்த அந்த 1993ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை யாது? 1990 ஜூனில் மீண்டும் மூண்ட யுத்தத்தின் பின் நாட்டின் பொது மின்வழங்கல் குடாநாட்டை எட்டவில்லை. புகைவண்டி ஓடவில்லை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தமையால், வெளியே செல்ல விரும்பியோர் கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்தனர். பற்றரி, பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து முதலிய பொருள்கள் பொருளாதாரத் தடையின் பட்டியலில் இருந்தன. சிறு ஜாம் போத்தலுக்குள் பஞ்சை இட்டு, அதில் மண்ணெண்ணெயைச் சிறிதளவே நனைத்து, திரியின் சிறு சுடரில் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தனர்.

ஆயினும் செய்தி கேட்கும் ஆவலை இருள் அவித்துவிடவில்லை. துவிச்சக்கரவண்டியை நிலைதாங்கியில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, பின்சில்லில் உராயும் தைனமோவிலிருந்து கம்பியிழுத்து வானொலிப் பெட்டியை இயக்கினர். பி.பி.சி. தமிழோசையைக் கேட்க ஊரார் அவ்வாறு கூடியமை குடாநாட்டில் மூத்தோர் பலரும் அறிந்த செய்தி. அத்தைனமோ தந்தது 6 வோல்ற்று. அதன் வலு ஏறத்தாழ 3 வாற்று. மிதிப்பவர் களைத்தால் ஒலி மங்கும். அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் மிதித்தால் பெட்டி பழுதாகும். ஆகவே சீராக மிதிக்க வல்லவரே அப்பணிக்கு வேண்டப்பட்டார். மின்கருவிக்கு மின்சாரம் கிடைத்தால் மாத்திரம் போதாது, அது சீராகவும் கிடைக்கவேண்டும் என்னும் உண்மையைக் குடாநாட்டு மக்கள் தம் கால்களாலேயே கற்றுக்கொண்டனர்.

இந்த 3 வாற்றை அளவுகோலாகக் கொண்டால் கணினியின் வளர்ச்சியும் எளிதில் விளங்கும். 1993இல் வெளிவந்த முதற் பென்டியம் செயலி உண்ட வலு ஏறத்தாழ 15 வாற்று. 1999இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 என்னும் வரைகலை அட்டை, தாய்ப்பலகையின் பொருத்துவாயிலிருந்து கிடைத்த மின்சாரத்தையே கொண்டு இயங்கியது. 2022இல் அதே நிறுவனத்தார் வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 4090 என்னும் அட்டையின் வலுவளவோ 450 வாற்று. ஒரு சைக்கிள் தைனமோ 3 வாற்றுத் தருமாயின், அந்த ஓர் அட்டைக்கு மாத்திரம் நூற்றைம்பது பேர் வரிசையாக நின்று மிதிக்கவேண்டும். மேசையின் கீழிருக்கும் பெட்டி எத்தகைய பசியுடையது என்பதை உணர்த்த இந்த ஒப்புமை ஒன்றே போதும்.

1995 இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். 1996இன் பின் படிப்படியாக வீடு திரும்பியோருக்குக் கிடைத்த மின்சாரம், சுன்னாகத்தை மையமாகக் கொண்டு டீசல் இயந்திரங்கள் பிறப்பித்த மின்சாரமேயாகும். அது நாட்டின் பொது வலையமைப்புடன் இணையாத தனித்தீவாக இருந்தமையால் தடங்கல்களும் அழுத்த ஏற்றவிறக்கங்களும் மிகுந்திருந்தன. இந்நிலையில் 2002இல் யுத்தநிறுத்தம் ஏற்பட்டு, ஏ-9 வீதி திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காணாத பொருள்கள் வன்னியினூடாக வந்திறங்கின. கொழும்பு பம்பலப்பிட்டியில் யூனிற்றி பிளாசா என்னும் கட்டடத்தொகுதி கணினி வணிகத்துக்குப் பேர்போனது. அத்தகைய இடங்களிற் கிடைத்த உறுப்புக்கள் குடாநாட்டுக்கும் எளிதில் வரக்கூடியனவாயின. வெளிநாடுகளில் வாழும் உறவினர் அனுப்பிய பணமும் துணைசெய்ய, கணினி வீட்டுப்பொருளாகத் தொடங்கியது.

அந்த வேளையிலேயே உலகளாவிய குறைபாடொன்றும் அவ்வியந்திரங்களுடன் கூட வந்தது. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் செய்யப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் பொருத்தப்பட்ட கொள்ளளவிகள், அவற்றினுள் இருந்த மின்பகுபொருளின் குறையினால் உச்சி வீங்கி வெடித்தன. கொள்ளளவி என்பது மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி, அதன் அலைவை அடக்கிச் சீராக்கும் உறுப்பாகும். வெப்பமும் சீரற்ற மின்சாரமும் அதன் ஆயுளை மேலும் குறைப்பன. இவ்விரண்டும் மிகுந்த யாழ்ப்பாணத்தில் அத்தகைய பலகைகள் நெடுங்காலம் உழைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 வரை கடல் வழியாலும் வான் வழியாலும் வந்தவற்றையே குடாநாடு நம்பியிருந்தது. புதிய உறுப்புக் கிடைத்தற்கரிய காலத்தில் பழையதைப் பழுது நீக்கி உழைக்கவைப்பதே அறிவுடைமையாகும். வீங்கிய கொள்ளளவியைச் சூட்டுக்கோலால் அகற்றி, நல்லதொன்றை ஈயம் வைத்து ஒட்டி இயந்திரத்தை எழுப்பிய கைகளில், தைனமோவுக்குக் கம்பியிழுத்த தலைமுறையின் பழக்கமே தொடர்ந்தது எனலாம்.

2013இல் சுன்னாகத்து உபமின்நிலையம் வழியாகக் குடாநாடு நாட்டின் பொது மின்வலையமைப்புடன் இணைந்தது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இனி மின்சாரத்தைப் பற்றிய கவலை ஒழிந்தது எனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாயிற்று. ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபாவின் பெறுமதி 360 வரை சரிந்தது. முற்றும் இறக்குமதியையே சார்ந்த கணினி உறுப்புக்களின் விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கலாம் என்றிருந்தோர், பேணுதலின் அருமையை மீண்டும் உணர்ந்தனர்.

இச்சரித்திரத்திலிருந்து விளங்கும் உண்மை யாது? விளையாட்டுக் கணினி வாங்குவோர் பெரும்பாலும் வரைகலை அட்டையில் தொடங்கி, மிஞ்சிய பணத்தில் மின்வழங்கியை வாங்குகின்றனர். யாழ்ப்பாணத்தின் அனுபவமோ அவ்வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. முதலில் வீட்டு மின்னிணைப்பு, அடுத்துத் தடையிலா மின்வழங்கி, அதன் பின் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி, பின்னர் குளிரூட்டல், இறுதியிலேயே வரைகலை அட்டை என்பதே பொருத்தமான ஒழுங்கு.

வீட்டு மின்னிணைப்பிற் பார்க்கவேண்டியது புவித்தொடுப்பு. பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகளும் புதிய வீடுகளில் 13 அம்பியர் சதுரமுனைச் செருகியும் உள்ளன. ஒன்றை மற்றொன்றில் நுழைக்க இடையில் வைக்கும் மலிவான இணைப்பிகள் சிலவற்றில் புவித்தொடுப்பு அறுந்துபோகிறது. அத்தகைய வீட்டில் கணினிப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனி கூசும். இடிமின்னல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இக்குறை உறுப்புக்களுக்கும் உயிருக்கும் ஆபத்தாகலாம். ஆதலால் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு அதனைச் சோதிப்பித்தலே முதற்செலவாகும்.

தடையிலா மின்வழங்கியை வாங்குவோர் அதன்மேல் எழுதப்பட்ட எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. 650 வோல்ற்று அம்பியர் என எழுதப்பட்ட சிறு கருவி உண்மையில் தாங்குவது 390 வாற்று அளவேயாகும். சில அதற்கும் குறைவு. அதன் பயன் மின்வெட்டின்போது தொடர்ந்து விளையாடுவதன்று. சில நிமிடங்களுக்குள் வேலையைச் சேமித்து, கணினியை முறையாக நிறுத்துவதேயாகும். அழுத்தத்தைத் தானே சீராக்கும் அமைப்பு அதிலிருத்தல் நன்று. மலிவான கருவிகள் பற்றரியில் இயங்கும்போது படிப்படியான அலையையே தருவதால், நவீன மின்வழங்கிகள் சில அதனை ஏற்காது அணைந்துவிடுவதும் உண்டு. வாங்குமுன் இரண்டையும் இணைத்துப் பார்த்தல் நலம்.

பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கியின் அளவை எளிய கூட்டற் கணக்கினால் அறியலாம். 2021இல் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 3060 என்னும் நடுத்தர அட்டை 170 வாற்று உண்ணும். செயலிக்கு 100 முதல் 125 வரையும், ஏனைய உறுப்புக்களுக்கு 50 அளவும் கொண்டால், மொத்தம் 350 வாற்றைத் தொடும். இதற்கு 550 வாற்று மின்வழங்கி தக்கது. பெயரறியாத மலிவுப் பெட்டியில் 600 என எழுதியிருப்பதிலும், நம்பத்தக்க உற்பத்தியாளரின் திறன் சான்று பெற்ற 550 மேலானது. இவையெல்லாம் அமைந்த பின், வைத்திருக்கும் திரையின் நுணுக்கத்துக்கு ஏற்ற வரைகலை அட்டையைத் தெரிந்துகொள்ளலாம். சிறு திரைக்குப் பேரட்டை வாங்குவது, ஒரு பரப்புத் தோட்டத்துக்கு உழவு இயந்திரம் வாங்குவதை ஒக்கும்.

இனிப் பேணுதல். குடாநாடு கடலாலும் கடலேரியாலும் சூழப்பட்டது. சோழகக் காற்று புழுதியை வாரிவரும். கடற்காற்று உப்பீரத்தைக் கொணரும். புழுதியும் ஈரமும் சேர்ந்து விசிறியிலும் வெப்பவடிப்பிலும் கம்பளம்போற் படிந்துவிடும். மாதம் ஒருமுறை மின்செருகியைக் கழற்றி, மென்தூரிகையாலோ காற்றூதியாலோ அதனை அகற்றுதல் வேண்டும். அவ்வேளையில் விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொள்ளுதல் அவசியம். பெட்டியை நிலத்தில் வையாது, ஒரு சாண் உயர்ந்த பலகையில் வைத்தால் புழுதி குறையும். பின்புறத் துளைகளைத் திறந்துவிட்டால் பல்லியும் எறும்பும் குடிபுகும். நுண்வலையால் அவற்றை மூடலாம். செயலிக்கும் வெப்பவடிப்புக்கும் இடையிலுள்ள வெப்பப்பசை உலர்ந்து, வெப்பம் கூடிவருமாயின் புதிதாக இடவேண்டும். தடையிலா மின்வழங்கியின் ஈயப் பற்றரி 25 பாகை வெப்பத்துக்கென அமைக்கப்பட்டது. அதற்கு மேல் ஏறத்தாழ 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். எனவே வெயில் விழும் யன்னலோரம் அதற்குரிய இடமன்று. மின்வழங்கியின் உறையை மாத்திரம் அனுபவமில்லாதவர் திறக்கலாகாது; செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள் உயிரைப் பறிக்கத்தக்க மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

விளையாட்டுக்காக இத்துணைப் பணமும் பாடும் வேண்டுமா என மூத்தோர் வினவுவர். அவ்வினா நியாயமானதே, உறக்கத்தையும் படிப்பையும் விழுங்கும் விளையாட்டை எவரும் போற்றார். எனினும் வேகமான படங்களுக்கென ஆக்கப்பட்ட அதே உறுப்புக்கள் கட்டட வரைபு, திரைப்படத் தொகுப்பு, இயந்திரங்களுக்கு அறிவு புகட்டும் ஆராய்ச்சி ஆகியவற்றுக்கும் பயன்படுகின்றன. அதனிலும் மேலாக, தன் கணினியின் வாற்றுக் கணக்கைத் தானே கூட்டிப் பார்த்து, புழுதியைத் தானே துடைக்கும் பிள்ளை ஒரு தொழிலின் முதற்படியில் நிற்கிறது.

வானொலிக்காகச் சைக்கிள் மிதித்த பாட்டனாரும் வரைகலை அட்டைக்காகப் பணம் சேர்க்கும் பேரப்பிள்ளையும் ஒரே வீட்டில் வாழும் காலம் இது. பேரப்பிள்ளை புதிய பெட்டியைத் திறக்கும் நாளில் பாட்டனாரையும் அருகில் அமர்த்திக்கொள்வது நன்று. அட்டையின் பெயர் அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது சீராக வருகிறதா, நின்றுபோனால் என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளையும் முதலிற் கேட்பவர் அவராகவே இருப்பார்.