எழுத்தறியாக் குடியேறிகளும் ஆங்கிலக் கல்வியும்: அமெரிக்கா, 1914–1917

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தொழிலாளருள் பலர் தாய்மொழியிலும் எழுத்தறிவு பெறாதவர்கள். அவர்களை வகுப்பறையும் சட்டமும் எவ்வாறு நோக்கின என்பதை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

வகுப்பறை

ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் பீட்டர் ராபர்ட்ஸ் வகுத்த பாடமுறை செவிப்புலனிலிருந்து தொடங்கியது. காலையில் எழுதல் போன்ற அன்றாடச் செயல்களை ஆசிரியர் நடித்துக்காட்டி, அவற்றிற்குரிய தொடர்களைச் சொல்வார். மாணவர் திருப்பிச் சொல்வர். வாசிப்பும் எழுத்தும் அதன் பின்னரே வந்தன. ஹைலண்ட் பார்க்கில் 1914இல் தொடங்கப்பட்ட ஃபோர்டு ஆங்கிலப் பள்ளியும் இம்முறையைப் பின்பற்றியது. எனினும் அங்கு மொழியோடு ‘அமெரிக்கராதல்’ என்னும் கொள்கையும் புகட்டப்பட்டது. பட்டமளிப்பு விழாவில் தாய்நாட்டு உடையுடன் பெருங்கொப்பரைக்குள் இறங்கிய தொழிலாளர், அமெரிக்க உடையில் வெளிவந்தனர்.

சட்டம்

1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 16 வயதைக் கடந்தோர் ஏதேனும் ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்களை வாசித்துக்காட்ட வேண்டும் என்றது. நெருங்கிய உறவினர் சிலருக்கும் சமய ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்தோருக்கும் விலக்களித்தது. குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பை மீறியே அது நிறைவேறியது.

முடிவுரை

எழுத்தறியாமையை வகுப்பறை பாடத்தின் தொடக்கநிலையாகக் கொண்டது. சட்டமோ தகுதியின்மையாகக் கொண்டது. வகுப்பறை கற்பித்ததற்கு ஈடாகப் பழைய அடையாளத்தைக் கேட்டது. சட்டமோ, கற்கும் வாய்ப்பையே பெறாதவரிடம் கற்றமைக்குச் சான்று கேட்டது.