குடிக்கிற வண்டியும் கணக்கு நோட்டும்

1912ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். திருச்சியிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது 1929ல்தான். அதுவரை அவசரமாகப் போகிறவர்களுக்கு மோட்டாரை விட்டால் வேறு வழியில்லை. செம்மண் சாலை, டின்னில் அடைத்து வந்த பெட்ரோல், காலன் கணக்கு. ஒரு காலனுக்கு வண்டி எத்தனை மைல் ஓடுகிறது என்று பார்க்காத முதலாளி அன்றைக்குத் தொழிலில் நின்றிருக்க முடியாது.

நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கேள்வி மாறவில்லை. கீரமங்கலத்தில் பூ ஏற்றுகிறவர், வடகாட்டில் பலாப்பழம் ஏற்றுகிறவர், ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றுகிறவர், எல்லாரும் எங்கள் பட்டறைக்கு வந்து சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, வண்டி டீசல் குடிக்குது, என்னன்னு பாருங்க." டீசல் பம்ப் வேலையிலேயே என் ஆயுசு கழிந்தது. இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். இந்தக் கேள்விக்கு நம் சீமை எப்படியெல்லாம் பதில் தேடியது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எண்ணெயின் அருமையை இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டாம் உலகப் போர். 1941ல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பனுக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அதனால் பஸ்கள் கரிக்கு மாறின. டி.வி.எஸ். நிறுவனமே கரிவாயு உலைகளைச் செய்து விற்றது. என் அப்பா வேலைக்குச் சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு கரி பஸ்ஸில், கிளீனராக.

பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை நிற்கும். அதில் வேல மரக் கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, கையால் துருத்தி சுற்ற வேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். அளந்து விட்டால்தான் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். எஞ்சின் ஓடுவது அந்த வாயுவில். வாயு வந்துவிட்டதா என்று பார்க்க, குழாய் வாயில் தீயைக் காட்டுவார்களாம். பற்றி நின்று எரிந்தால் வண்டியைக் கிளப்பலாம், அணைந்து போனால் மறுபடியும் துருத்தி. பெட்ரோலில் கிடைத்த இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியில் போய்விடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவது வழக்கமாக இருந்தது.

அப்பா அடிக்கடி சொன்னது வடிகட்டியைப் பற்றித்தான். உலையிலிருந்து வரும் வாயுவில் சாம்பல் தூசி இருக்கும். வடிகட்டி அடைத்தால் மூட்டை மூட்டையாகக் கரி போட்டாலும் வண்டி இழுக்காது. கரி ஈரமாக இருந்தாலும் இதே கதிதான். "எஞ்சினத் தொடாதடா, மொதல்ல அது மூச்சு விடுதான்னு பாரு" என்பார். பிற்பாடு நான் டீசல் வண்டிகளில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அது அப்பாவின் பாடம்தான். நார்த்தாமலைப் பக்கம் கல் குவாரிச் சாலைகளில் ஓடுகிற வண்டியின் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், வெள்ளைத் தூசி கை நிறையக் கொட்டும்.

1948 மார்ச் 3ல் சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பெட்ரோல் பஸ்களும் லாரிகளும் மெல்ல டீசலுக்கு மாறின. பெங்களூரில் 1951ல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பம்பும் நாசிலும் எங்கள் தொழிலுக்கே அடித்தளமாயின. நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் டீசல் புகை மாதிரிப் பூவாகச் சிதற வேண்டும். சிதறாமல் கோடாகப் பீய்ச்சினாலோ, நுனியில் சொட்டு தங்கினாலோ, அந்த டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியே போகிறது என்று அர்த்தம். டாடா 407 (1986ல் வந்தது) ஓடிய காலத்தில் இழுவை பத்தவில்லை என்று சிலர் பம்பின் ஈய சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைப்பார்கள். இழுவை கொஞ்சம் கூடும், செலவு அதைவிடக் கூடும். சீல் உடைந்த பம்ப் வந்தால் பெஞ்சில் ஏற்றி அளவு வைக்காமல் நான் திருப்பி அனுப்பியதில்லை.

அரசு பஸ் டிப்போக்களில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியது. எந்த ஓட்டுநர், எந்த வண்டி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. கே.எம்.பி.எல். என்பார்கள். அதனால் ஓட்டுநர்கள் படுகிற நெருக்கடி பற்றிப் புகார்கள் உண்டு, அவை நியாயமானவைதான். ஆனாலும் ஒரு வண்டியின் கணக்கு இறங்கும்போதே அதன் நோயும் தெரிந்துவிடும்.

1974 ஜனவரி 14ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கமும் சேர்ந்தது. கடலே இல்லாத பழைய சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடைத்தது அப்படித்தான். 2005ல் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். குட்டியானை என்று செல்லப் பெயர் வைத்து ஜனங்கள் அதை வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டார்கள். கூலிக்குப் போன பையன்கள் வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். மீனும் பூவும் பலாவும் அதில் ஏறின. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளின் துண்டுகளும் ஏறின, முக்கால் டன் என்ற அளவையெல்லாம் மீறி.

மீன் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் ஐஸ் போட்டு ஏற்றுகிற பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வழி நெடுக ஒழுகும். ஒழுகுவது பின் அச்சின் மேல். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் துருப்பிடிக்கும், ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகும். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் ஷூ முழுசாகத் திரும்பாது, டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி பிரேக் போட்டபடியே அறந்தாங்கி தாண்டித் திருச்சி வரை ஓடும். எஞ்சினில் கோளாறு என்று பம்பைக் கழற்றச் சொல்லி வருவார்கள். நான் பம்பைத் தொட மாட்டேன். சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, ஒற்றை ஆளாகத் தள்ளச் சொல்வேன். நகரவில்லை என்றால் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றுவேன். ஓட்டம் முடித்து வந்த வண்டியில் டிரம்முக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டு போனாலே போதும், உரசுகிற சக்கரம் அனல் அடிக்கும்.

அதற்கப்புறம் டயர் காற்று, கிளட்ச் வழுக்கல், வைக்கோல் ஏற்றக் கட்டிய உயரமான கம்பிச் சட்டம் காற்றைத் தடுப்பது. பம்பும் நாசிலும் கடைசியில்தான். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 விதிக்குட்பட்ட டீசல் வண்டிகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க அந்த வண்டிகள் தாமாகவே கூடுதல் டீசல் எடுத்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அந்தச் செலவு அடிக்கடி வரும். ஸ்கேனர் அதைக் காட்டும். உரசுகிற பிரேக் ஷூவைக் காட்டாது.

இத்தனை வசதி வந்த பிறகும் இன்றைய குட்டியானைக்காரரிடம் கூப்பன் காலத்துப் பஸ்காரரிடம் இருந்த ஒன்று இல்லை. பங்க்கில் போய் "ஐநூறுக்குப் போடு" என்கிறார். 2017 ஜூன் 16 முதல் டீசல் விலையைத் தினமும் மாற்றியமைக்கலாம் என்றாகிவிட்டது. ஐநூறு ரூபாய்க்கு இன்று கிடைக்கிற லிட்டரே அடுத்த மாதமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வண்டி குடிக்கிறதா, விலை ஏறியதா, பாரம் கூடியதா என்று எதை வைத்துச் சொல்வது? "முன்னே எவ்வளவு கொடுத்தது?" என்று நான் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

வண்டி வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பங்க்கில் டேங்க் நிரப்புங்கள், ஓடி முடித்து அதே பங்க்கில் மறுபடியும் நிரப்புங்கள். எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், என்ன பாரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டறைக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.